ஜாவாஸ்கிரிப்ட் நல்ல வாத்தியாரா? ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்கும் வழிகள்: ஒரு திறனாய்வு

ஃபங்ஷனல் புரோகிராமிங்கை எந்த மொழியில் படிக்கத் தொடங்குவது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ‘ஜாவாஸ்கிரிப்டிலேயே தொடங்கு. எல்லாக் கணினியிலும் இருக்கிறது, வேலையும் அதில்தான் கிடைக்கிறது’ என்பது ஒன்று. ‘அதில் படித்தால் பெயர்கள் மனப்பாடமாகும், பழக்கம் வராது. ஹாஸ்கெல், ஓகேமல் மாதிரி கண்டிப்பான மொழிக்குப் போ’ என்பது மற்றொன்று. இரு தரப்பும் தத்தம் அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கின்றன. ஒரே கணக்கைக் கொடுத்து இரண்டு வழிகளையும் சோதித்துப் பார்த்தால்தான் தீர்ப்புக்கு ஒரு மதிப்பு இருக்கும். அந்தக் கணக்கைச் சேதராப்பட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சோதனைக் கணக்கு

சேதராப்பட்டு புதுச்சேரிக்கு வடமேற்கே, மயிலம் போகும் சாலையில் இருக்கிறது. பிப்டிக் என்ற அரசு நிறுவனத்தின் தொழிற்பேட்டையால் பட்டறைகளும் சிறு ஆலைகளும் பெருகிய ஊர். கொஞ்சம் நகர்ந்தால் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம், அதாவது தமிழ்நாடு. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஆனால் அவர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு இன்னும் அதே கோணல்மாணலோடு கிடக்கிறது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் அந்தக் கோடு ஒவ்வொரு பில்லிலும் தலைகாட்டுகிறது.

புதுச்சேரி, சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம். ஆகவே மாநிலங்களைப் போலவே இங்கும் மாநில ஜிஎஸ்டி உண்டு. சேதராப்பட்டுப் பட்டறை ஒன்று வில்லியனூரில் இருப்பவருக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய ஜிஎஸ்டி பாதி, மாநில ஜிஎஸ்டி பாதி. வானூருக்கு அனுப்பினால் முழு வரியும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் கடந்த விற்பனைக்கான ஜிஎஸ்டி. புதுச்சேரியின் மாநிலக் குறி 34, தமிழ்நாட்டின் குறி 33. இரண்டு எண்களும் ஒன்றா, வேறா என்பதுதான் கேள்வி.

பட்டறை செய்வது நெளிகாகித அட்டைப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் வரி 2024 ஜூலை 14 வரை 18 விழுக்காடு. ஜூலை 15இலிருந்து 12. 2025 செப்டம்பர் 22இலிருந்து 5. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு 2024 ஜூனில் வரி 1,800 ரூபாய், அதே ஆண்டு ஆகஸ்டில் 1,200, 2025 அக்டோபரில் 500. விகிதம் மாறும் நாளையொட்டிப் பணம் வந்த தேதியும் பார்க்கப்படும். அந்தச் சிக்கலை ஒதுக்கிவிட்டு, பில் தேதியே விகிதத்தைத் தீர்மானிக்கும் எளிய நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வெப் வேலைக்கு வந்தவர் இதை எப்படி எழுதுவார்? வரி விகிதம் ஒரு பொது வேரியபிளில் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷன் கணினியின் இன்றைய தேதியைக் கேட்கும், வரியைப் போடும், திரையில் காட்டும், பில் எண்ணை ஒன்று கூட்டும், டேட்டாபேஸில் சேமிக்கும். முதல் மாதம் எந்தக் குறையும் தெரியாது. ஆடிட்டர் 2024 ஜூன் பில்லை மறுபடி அச்சடிக்கச் சொல்லும் நாளில் குட்டு வெளிப்படும். பழைய பில்லில் புதிய விகிதம் ஏறியிருக்கும், பில் எண்ணும் கூடியிருக்கும்.

ஃபங்ஷனல் முறையின் சாரம் முழுவதும் இந்த ஒரு கோளாறைச் சரிசெய்வதில் அடங்கிவிடுகிறது. வரிக் கணக்கை மட்டும் செய்யும் ஃபங்ஷனைத் தனியே எடுக்க வேண்டும். அதற்குள் போவது நான்கு: விற்பவரின் குறி, சரக்கு சேரும் இடத்தின் குறி, பில் தேதி, மதிப்பு. வெளியே வருவது வரிப் பிரிவுகள். அந்த ஃபங்ஷன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, திரையைத் தொடுவதில்லை, எதையும் சேமிப்பதில்லை. அதே நான்கைக் கொடுத்தால் எந்த ஆண்டில் ஓட்டினாலும் அதே விடைதான். இதைத் தூய ஃபங்ஷன் என்கிறார்கள். தேதி கேட்பது, பில் எண் எடுப்பது, சேமிப்பது, அச்சடிப்பது எல்லாம் புரோகிராமின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன.

சோதிப்பதும் எளிதாகிவிடுகிறது. 2024 ஜூலை 14, 15, 2025 செப்டம்பர் 21, 22 ஆகிய நான்கு எல்லைத் தேதிகள், உள்ளூர், வெளியூர் என்று இரண்டு வகை. எட்டே சோதனைகளில் வரி விதி முழுவதும் அடங்கிவிடும். முந்தைய எழுத்தில் இந்தச் சோதனையைச் செய்ய டேட்டாபேஸையும் திரையையும் கணினிக் கடிகாரத்தையும் ஏமாற்ற வேண்டியிருக்கும்.

அளவுகோல் மூன்று. தவறு செய்யும்போது மொழி தடுக்கிறதா? கற்றது வேலைக்கு உதவுமா, பக்கத்து இருக்கைக்காரருக்குப் புரியுமா? கற்க ஆகும் செலவு என்ன?

ஜாவாஸ்கிரிப்டின் வரவு

ஜாவாஸ்கிரிப்டை ஃபங்ஷனல் உலகத்துக்கு அந்நியன் என்று சொல்வது வரலாற்றுப் பிழை. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் பிரெண்டன் ஐக்கை வேலைக்கு எடுத்தபோது, பிரவுசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்பதே அவருக்குக் காட்டப்பட்ட ஆசை. நிர்வாகம் ஜாவாவின் முகம் வேண்டும் என்றது. அவர் பத்து நாளில் எழுதிய முதல் வடிவத்தில் முகம் ஜாவாவுடையது. உள்ளே ஃபங்ஷனை மதிப்பாகக் கையாளும் குணம் ஸ்கீமுடையது. ஒரு ஃபங்ஷனை வேரியபிளில் வைக்கலாம், இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம், ஃபங்ஷனிலிருந்து ஃபங்ஷனைத் திருப்பித் தரலாம். பிறந்த இடத்து வேரியபிள்களை அது நினைவில் வைத்திருக்கும். குளோஷர் எனப்படும் இந்த ஆற்றலை ஜாவா 2014இல்தான், அதுவும் கட்டுப்பாட்டோடு பெற்றது.

பிறகு வந்த திருத்தங்களும் இந்தப் பக்கமே சாய்ந்தன. பட்டியலின் ஒவ்வொரு மதிப்பையும் மாற்றித் தரும் மேப், வடிகட்டும் ஃபில்டர், ஒன்றாகத் திரட்டும் ரெட்யூஸ் மூன்றும் 2009இல் ஐந்தாம் பதிப்போடு வந்தன. அம்புக்குறி ஃபங்ஷனும் கான்ஸ்டும் 2015இல். அரேயை மாற்றாமல் வரிசைப்படுத்தித் தரும் டூசார்ட்டட் 2023இல். வேலைச் சந்தையும் அதே திசையில் நகர்ந்தது. 2015இல் வந்த ரிடக்ஸ் நூலகம், எல்ம் மொழியின் கட்டமைப்பிலிருந்து கடன் வாங்கியது. 2019 பிப்ரவரியில், திரை கட்டும் நூலகமான ரியாக்டில் ஹூக்ஸ் வந்தபின், திரையின் ஒவ்வொரு துண்டையும் ஃபங்ஷனாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. இன்று ரியாக்ட் வேலைக்குப் போகிறவர் தெரிந்தோ தெரியாமலோ இந்த முறையில்தான் எழுதுகிறார். தெரிந்து எழுதினால் பிழை குறையும்.

செலவிலும் இதை மிஞ்ச ஆளில்லை. பிரவுசரைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் எழுதிப் பார்க்க இடம் தயார். பழைய லேப்டாப் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் பொறியியல் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்தது, அதன்பின் சி, ஜாவா. இந்த வழியில் வந்தவருக்கு ஜாவாஸ்கிரிப்டின் எழுத்துமுறை புதிதாகத் தோன்றாது. நம் பில் கணக்கின் தூய ஃபங்ஷனை அவர் ஒரே மாலையில் எழுதிவிடுவார்.

இரண்டாம், மூன்றாம் அளவுகோல்களில் ஜாவாஸ்கிரிப்டுக்கு முழு மதிப்பெண். முதல் அளவுகோலுக்கு வருவோம்.

ஜாவாஸ்கிரிப்டின் பற்று

பில்லுக்கு முப்பது நாள் கடன் தவணை. கெடு தேதியைக் கணக்கிட, பில் தேதியை எடுத்து அதன் நாளோடு முப்பதைக் கூட்டுகிறார் மாணவர். ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருள் தானே மாறிவிடுகிறது. கெடு தேதி வந்தது, கூடவே பில் தேதியும் முப்பது நாள் தள்ளிப் போனது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதிப் பில், வரி ஃபங்ஷனுக்குள் நுழையும்போது அக்டோபர் 1ஆகி நிற்கிறது. 12 விழுக்காட்டுக்குப் பதில் 5 விழுக்காடு விழுகிறது. நம் ஃபங்ஷன் தூயதுதான். அதற்குக் கொடுத்த பொருள் தூயதாக இல்லை. கான்ஸ்ட் என்று அறிவித்திருந்தோமே என்றால், அது பெயரைத்தான் பூட்டும், பொருளைப் பூட்டாது. ஆப்ஜெக்ட் ஃப்ரீஸ் மேல்தட்டை மட்டும் உறையவைக்கும், உள்ளே இருப்பது மாறும். டேட் பொருளின் நாளை மாற்றுவதை அதனால்கூடத் தடுக்க முடியாது.

வரிசைப்படுத்தும் சார்ட், கொடுத்த அரேயையே கலைத்துவிடும். ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுக்காவிட்டால் எண்களை எழுத்துச் சரங்களாக எடுத்துக்கொண்டு 10ஐ 9க்கு முன்னால் வைக்கும். ஃபங்ஷன்களைக் கோத்து எழுதும் இடத்திலும் கண்ணி உண்டு. 1, 2, 3 என்று எழுத்துகளாக இருக்கும் பட்டியலை எண்ணாக்க மேப்புக்குள் பார்ஸ்இன்ட்டைப் போட்டால் 1 மட்டும் சரியாக வரும், மற்ற இரண்டும் ‘எண் அல்ல’ என்று வரும். மேப் மதிப்போடு அதன் இடத்தையும் இரண்டாவது உள்ளீடாகக் கொடுக்கிறது. பார்ஸ்இன்ட் அதை எண் அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. ஃபங்ஷன்களை அச்சமின்றிப் பொருத்தலாம் என்பது இந்த முறையின் முக்கிய வாக்குறுதி. அடிப்படை நூலகத்திலேயே அது பொய்க்கிறது.

தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் இந்த முறையின் உயிர்நாடி. கடைசி வேலையாகத் தன்னை அழைக்கும் ஃபங்ஷன் நினைவகத்தை அடுக்கக் கூடாது என்று 2015 பதிப்பு விதித்தது. பெரிய பிரவுசர்களில் சஃபாரி மட்டுமே அதை நிறைவேற்றியது. குரோமும், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடும் செய்யவில்லை. ஒரு லட்சம் பில்களை இப்படிக் கூட்டச் சொன்னால் நோட் நடுவழியில் ஸ்டாக் நிரம்பி விழும். மாறாத தரவு வகைகளை மொழிக்குள்ளேயே கொண்டுவர முனைந்த ரெக்கார்ட், டியூப்பிள் முன்மொழிவு 2025இல் திரும்பப் பெறப்பட்டது. ஃபங்ஷன்களைக் குழாய்போல் கோக்கும் குறியீடு பல ஆண்டுகளாக இரண்டாம் கட்டத்திலேயே நிற்கிறது.

மாறாமையைத் தப்பாகப் பழகினால் வேகமும் போகும். பத்தாயிரம் பில்களை ரெட்யூஸால் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை முழுதாக நகலெடுத்துப் புதியதைச் சேர்க்கும் வழக்கம் பல பயிற்சி வீடியோக்களில் உண்டு. 0, 1, 2 என்று 9,999 வரை கூட்டினால் ஏறக்குறைய 5 கோடி நகல்கள். கிளோஜர் மாதிரி மொழிகளில் பழைய பட்டியலும் புதியதும் உள்ளுக்குள் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்டின் அரே அப்படியில்லை. 2014இல் ஃபேஸ்புக் வெளியிட்ட இம்யூட்டபிள் ஜேஎஸ் போன்ற நூலகங்கள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் அவற்றின் பட்டியலும் மொழியின் சொந்தப் பட்டியலும் வேறுவேறு என்பதால் எல்லையில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து சொல்வது இதுதான்: ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கும், வற்புறுத்தாது. மாணவர் தவறினால் கண்டும் காணாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தானே தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது சௌகரியம். இப்போதுதான் படிக்கிறவருக்கு எது தவறு என்பதே தெரியாது.

புத்தகங்களின் நிறை

மொழி கண்டிக்காதபோது அந்த வேலையைப் புத்தகம் செய்ய வேண்டும். ஐந்து புத்தகங்களை இந்தக் கண்ணோட்டத்தில் மட்டும் எடைபோடுகிறேன்.

சென்னையில் பணியாற்றிய மென்பொருளாளர் ஆன்டோ அரவிந்த் எழுதி, ஏபிரெஸ் 2017இல் வெளியிட்ட ‘பிகினிங் ஃபங்ஷனல் ஜாவாஸ்கிரிப்ட்’ முதலில். நம்மூர் ஆள் இந்தத் துறையில் உலகச் சந்தைக்கு எழுதினார் என்பதற்காகச் சலுகை காட்டத் தேவையில்லை, நூலுக்கே தகுதி இருக்கிறது. ஆயத்த நூலகத்தைக் கையில் கொடுக்காமல், மேப்பில் தொடங்கி, உள்ளீடுகளை ஒவ்வொன்றாக வாங்கும் கர்ரி, ஃபங்ஷன்களைக் கோக்கும் கம்போஸ், மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று காட்டும் மேபி, அப்படிப்பட்ட மதிப்புகளின் மேல் படிகளைத் தொடுக்கும் மோனாட் வரை ஒவ்வொன்றையும் வாசகரையே கட்டவைக்கிறது. கட்டிப் பார்த்தவருக்கு மாயம் கலைந்துவிடும். குறை, அத்தியாயங்கள் உத்திகளின் பெயரால் அடுக்கப்பட்டிருப்பது. கர்ரி தெரிந்தாகிவிட்டது. நம் பில் புரோகிராமில் எதைத் தூயதாகப் பிரிப்பது, எதை ஓரத்துக்குத் தள்ளுவது என்ற முடிவை எடுக்க இது பழக்குவதில்லை.

பிரையன் லான்ஸ்டார்ஃப் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் புரொஃபசர் ஃபிரிஸ்பியின் வழிகாட்டி கலகலப்பானது. தூய ஃபங்ஷன் ஏன் வேண்டும் என்பதை அதைப்போல் சுருக்கமாகச் சொன்ன நூல் குறைவு. பாதிக்குமேல் அது ஹாஸ்கெலை ஜாவாஸ்கிரிப்டில் பேசத் தொடங்கிவிடுகிறது. வகைக் குறிப்புகளை எழுதிக் காட்டுகிறது, அவற்றைச் சரிபார்க்க மொழியில் ஆளில்லை. பின்பாதியை ஹாஸ்கெலிலேயே படிப்பது நல்லது.

கைல் சிம்சனின் ‘ஃபங்ஷனல் லைட் ஜாவாஸ்கிரிப்ட்’ நிதானமான நூல். எந்த இடத்தில் லூப்பே போதும் என்று சொல்லும் நேர்மை அதற்கு உண்டு. அந்த நிதானமே சில இடங்களில் நீளமாகி, வாசகரைக் களைக்கவைக்கிறது.

எரிக் நார்மண்டின் ‘குரோக்கிங் சிம்ப்ளிசிட்டி’ 2021இல் மேனிங் வெளியிட்டது. புரோகிராமில் உள்ள எல்லாவற்றையும் செயல், கணக்கு, தரவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லித் தொடங்குகிறது. எப்போது ஓடுகிறது, எத்தனை முறை ஓடுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறினால் அது செயல். மாறாவிட்டால் கணக்கு. நம் பில் புரோகிராமில் அச்சடிப்பது செயல், வரி போடுவது கணக்கு, பில் தரவு. மோனாட்டுக்குள் போகாமலே, இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது வரும் குழப்பம் வரை இந்த நூல் கூட்டிப்போகிறது. ஒரே பொத்தானை அவசரத்தில் இரண்டு முறை அழுத்தி இரண்டு பில் விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி மட்டுமே புத்தகத்தின் விலைக்குத் தகும். தொடங்குபவருக்கு ஐந்தில் முதலிடம் இதற்குத்தான்.

ஐந்தாவது, கணினி அறிவியலின் செவ்வியல் நூல்களில் ஒன்றின் மறுபிறப்பு. ஏபல்சனும் சஸ்மனும் 1985இல் ஸ்கீம் மொழியில் எழுதிய நூலை, தோபியாஸ் ரிக்ஸ்டாடும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஹென்ஸும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தழுவி, எம்ஐடி பிரஸ் 2022இல் வெளியிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள் படிப்பது முழு ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. சோர்ஸ் என்ற பெயரில் நறுக்கி எடுத்த சிறுமொழி அது. முதல் நிலையில் வேரியபிளை மாற்றவே முடியாது, லூப்பும் இல்லை. மேல் நிலைகளில்தான் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார்கள். கடைசி அழைப்பு நினைவகத்தை அடுக்காதபடியும் அந்தச் சூழலைக் கட்டியிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டை அப்படியே கொடுத்தால் கற்பிக்க முடியாது என்று அனுபவப்பட்ட ஆசிரியர்களே முடிவெடுத்து, அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் தரப்புக்கு இதைவிட நல்ல ஆதாரமும் இல்லை, எதிர்த் தரப்புக்கு இதைவிட நல்ல ஆதாரமும் இல்லை. வேலிக்குள் நல்ல மொழி, வேலியில்லாமல் சந்தேகம். நூலின் தரத்தில் குறையில்லை. தனியே படிக்கும் வேலைக்காரருக்கு அதன் கணிதச் சாய்வும் நீளமும் பாரம்.

கண்டிப்பான மொழிகள்

எதிர்த் தரப்பின் வாதத்தை அதே பில்லில் சோதிப்போம். ஹாஸ்கெலில் வரி ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்து இன்றைய தேதியைக் கேட்க முடியாது. கேட்டால் அந்த ஃபங்ஷனின் வகையே மாறி, இது வெளியுலகத்தைத் தொடுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். தேதியை வெளியிலிருந்து கொடுப்பது மாணவரின் நல்ல பழக்கமாக இருக்க வேண்டியதில்லை, கட்டாயமாகிவிடுகிறது. ஓகேமல் அவ்வளவு கண்டிப்பில்லை. தேதியைக் கேட்டாலும் விட்டுவிடும். ஆனால் தரவு மாறாமல் இருப்பது அங்கே இயல்பு, மாற்ற வேண்டுமானால் அப்படி அறிவித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இரண்டுக்கும் பொதுவான பெரிய உதவி வேறொன்று. சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று நூற்றுக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது, மண்டலம் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் நம் விதி உடைந்திருக்கும். மண்டலத்துக்குள் இருப்பவருக்கு விற்றால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே 34 ஆனாலும் அது மாநிலம் கடந்த விற்பனை, அதோடு பூஜ்ய வரிச் சலுகையும் உண்டு. ‘குறி ஒன்றானால் பாதி பாதி’ என்று எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் தப்பு பில் போடும். ஓகேமலிலும் ஹாஸ்கெலிலும் விற்பனை வகையை உள்ளூர், வெளியூர் என்று ஒரு வகையாக அறிவித்திருப்போம். மூன்றாவதாக மண்டலத்தைச் சேர்த்ததும், அதைக் கவனிக்காத ஒவ்வோர் இடத்தையும் கம்பைலர் சுட்டும். ஹாஸ்கெலில் அந்த எச்சரிக்கையை மட்டும் இயக்கிவைத்திருக்க வேண்டும். பட்டறையில் நாளைக்கு வரப்போகும் மாற்றத்துக்கு இதுதான் உண்மையான பாதுகாப்பு.

இந்தக் கண்டிப்பான பள்ளி நமக்குத் தொலைவில் இல்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் இளநிலை மாணவர்களுக்குப் புரோகிராமிங்கே ஹாஸ்கெலில் தொடங்குகிறது. அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்தளத்தில் இலவசம். ஐஐடி மெட்ராஸில் கே.சி. சிவராமகிருஷ்ணன் ஓகேமலில் பாடம் நடத்தியிருக்கிறார். பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் பிறந்து, அந்நாட்டுப் பொறியியல் நுழைவு வகுப்புகளில் ஊறிய மொழி ஓகேமல். அது ஒரே நேரத்தில் பல பிராசசர் கோர்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது 2022 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில். அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் சிவராமகிருஷ்ணன் முக்கியமானவர். பிரெஞ்சு எல்லைக்கோட்டின் மேல் பில் எழுதும் ஊரிலிருந்து பார்த்தால், பிரெஞ்சு மொழியொன்றின் அடுத்த கட்டம் சென்னையிலிருந்தும் கட்டப்பட்டிருக்கிறது.

வேலையில் பயனே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பெங்களூரின் ஜஸ்பே நிறுவனம் நம்ம யாத்ரி ஆட்டோ செயலியின் பின்தளத்தை ஹாஸ்கெலில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஓகேமல் குடும்பத்திலிருந்து வந்து ஜாவாஸ்கிரிப்டாக மாறும் ரீஸ்கிரிப்டையும் அந்த நிறுவனம் பயன்படுத்துகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தை வைத்துச் சந்தையை அளக்க முடியாது. சிறுநகரத்தில் முதல் வேலை தேடுகிறவருக்கு ஹாஸ்கெல் சோறு போடும் என்று சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. இரண்டாம் அளவுகோலில் கண்டிப்பான மொழிகளுக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காது. தொடக்கச் சுமையும் அதிகம். வகைப் பிழைச் செய்தியைப் படிக்கவே சில வாரம் பிடிக்கும், அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நடுவழி மொழிகளில் எல்ம் படிக்க மிக இனியது. ஆனால் 2019க்குப் பிறகு அதன் கம்பைலருக்குப் பெரிய வெளியீடே வரவில்லை, வேலைக்கு நம்ப முடியாது. டைப்ஸ்கிரிப்ட் தூய்மையைக் கண்காணிக்காது. அதன் ரீட்ஒன்லியும் மேல்தட்டோடு நின்றுவிடும். எனினும் விற்பனை வகைகளைப் பிரித்து அறிவித்து, விடுபட்ட வகையை அது பிடிக்கும்படி எழுதலாம். மண்டலச் சோதனையில் அது தேறிவிடுகிறது. வேலைச் சந்தையிலும் அதற்கு இடம் இருக்கிறது. இங்கே எடைபோட்ட மொழிகளில் இந்த இரண்டும் சேர்ந்தது வேறில்லை.

மிகையின் கேடு

கற்றவர் செய்யும் தவறு ஒன்றும் கணக்கில் வர வேண்டும். புதிதாகப் படித்த உற்சாகத்தில் பில் புரோகிராமை உள்ளீட்டின் பெயரே இல்லாத பன்னிரண்டு ஃபங்ஷன் கோவையாக மாற்றி, மேபியும் மோனாட்டும் நிரப்பி வைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. அடுத்து வருகிறவர் ஒரு வரி விகிதத்தை மாற்ற நாலு நாள் தவிப்பார். டைப்ஸ்கிரிப்டில் இந்தப் பாணிக்கு அடையாளமாக இருந்த எஃப்பிடிஎஸ் நூலகமே 2023இல் எஃபெக்ட் என்ற திட்டத்தோடு இணைந்துவிட்டது. நூலகத்தின் மேல் மட்டும் கட்டிய அறிவின் ஆயுள் அவ்வளவுதான்.

லூப் எழுதுவது குற்றமில்லை. ஃபங்ஷனுக்குள் பிறந்து அங்கேயே மடியும் வேரியபிளை எத்தனை முறை மாற்றினாலும் வெளியிலிருப்பவருக்கு அது தூயதுதான். பத்தாயிரம் பில்களைக் கூட்ட லூப்பும் ஓர் உள்வேரியபிளும் வைப்பதே மேல், 5 கோடி நகல் மிச்சம். வெளியே கசிவதைத்தான் தடுக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. போட்ட பில்லை அடித்துத் திருத்துவதில்லை. சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் போடுகிறார்கள், பழையது பழையபடியே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. பட்டறைக் கணக்கரிடம் இருக்கும் இந்த ஒழுங்கு, அவருக்குப் புரோகிராம் எழுதுகிறவரிடமும் வர வேண்டும். பெயர்கள் அப்புறம்.

தீர்ப்பு

ஜாவாஸ்கிரிப்ட் நல்ல தொடக்கம், மோசமான முடிவு. செலவும் வேலையும் அதன் பக்கம் பலமாக இருப்பதால் தொடக்கத்தில் அதை விட்டு வேறெதையும் பரிந்துரைக்க முடியாது. தவறைத் தடுக்கும் ஆற்றல் அதனிடம் இல்லாததால், அதிலேயே நின்றுவிடுகிறவருக்கு உத்திகளின் பெயர் தெரியும், காவல் தெரியாது. இரண்டு தரப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதல்ல விடை, வரிசை சரியாக இருப்பதுதான்.

முதலில் ஜாவாஸ்கிரிப்டில், நார்மண்டின் பிரிவினையோடு, தன் வேலையிலேயே இருக்கும் ஒரு கணக்கைத் தூய ஃபங்ஷனாக எடுத்துப் பழக வேண்டும். அடுத்து அரவிந்தின் நூலைப்போல் மேப், கர்ரி, கம்போஸ் மூன்றையும் கையால் கட்டிப் பார்க்கலாம். மோனாட் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, மாதவன் முகுந்தும் சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடத்தை முழுதாக முடிப்பது மூன்றாம் படி. சான்றிதழுக்காக அல்ல, மொழி மறுக்கும்போது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள. பிறகு டைப்ஸ்கிரிப்டுக்குத் திரும்பி, அதே பில் புரோகிராமை மறுபடி எழுத வேண்டும். மூன்றாம் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர்கள் விஷயத்தில் எதிர்த் தரப்பு சொல்வதே சரி.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டில் இதைப் பாடமாக வைப்பதானால் சிங்கப்பூரைப்போல் வேலி போட்டு வையுங்கள். வேலி போடும் ஆசிரியர் இல்லையென்றால் ஓகேமலை வையுங்கள். வேலியும் இல்லாமல், கண்டிப்பும் இல்லாமல், உத்திகளின் வரையறையை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் வைப்பதற்குப் பதில் பாடத்தையே எடுத்துவிடலாம்.

கற்றோமா என்று தெரிந்துகொள்ளத் தேர்வும் தேவையில்லை. அடுத்த முறை ஜிஎஸ்டி கவுன்சில் விகிதத்தை மாற்றும்போது, விகிதப் பட்டியலில் ஒரு தேதியும் ஓர் எண்ணும் சேர்த்ததோடு வேலை முடிந்து, 2024 ஜூன் பில் பழையபடி 18 விழுக்காட்டிலேயே அச்சானால் கற்றாயிற்று. புரோகிராமில் வேறெங்காவது கைவைக்க வேண்டியிருந்தால் எத்தனை மோனாட் தெரிந்திருந்தாலும் இன்னும் கற்கவில்லை.